முத்திரைத்தாளில் ஒரு லட்சம், வாய்ச்சொல்லில் ஏழு லட்சம்

சம்பந்தப்பட்ட குடும்பங்களின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெயரையும் விட்டுவிட்டேன். தொகைகளையும் தேதிகளையும் மட்டும் மாற்றவில்லை. ஒரு தொகையைக் குறைத்து எழுதியதில்தான் இந்த விவகாரமே தொடங்கியது. அதைப் பற்றி எழுதும்போதும் தொகையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வீடு

பெங்களூரில் வாடகைக்குக் குடிபோகிறவர்களைப் போலவே லீஸுக்குக் குடிபோகிறவர்களும் உண்டு. கன்னடத்தில் போக்கியம் என்பார்கள். தமிழ்நாட்டில் ஒத்தி என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம். காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். மாத வருமானம் குறைவாகவும் கையில் கொஞ்சம் சேமிப்பும் உள்ள குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். வீட்டுக்காரருக்கு வங்கிப் படி ஏறாமல் கிடைக்கும் கடன். அந்தப் பணத்தில் மேல்மாடி எழும்பும், மகள் கல்யாணம் நடக்கும். திருப்பித் தரவேண்டிய நாளில் பெரும்பாலும் அவர் கையில் பணம் இருக்காது. அடுத்து வருகிறவரிடம் வாங்கி முந்தினவருக்குக் கொடுப்பார். இந்தச் சங்கிலி அறுகாதவரை யாருக்கும் குறை தெரிவதில்லை.

இந்த வீடு லிங்கராஜபுரத்தில், முதல் மாடியில் உள்ளது. இரண்டு அறை, ஒரு கூடம். வீட்டுக்காரர் எங்கள் சபையின் மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் தன் காரை எடுத்துக்கொண்டு முதலில் வந்து நிற்பவர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகத்தில் ஒரு மாதமும் தவறாதவர். அவரைப் பற்றி இனி வரப்போவதைப் படிக்கும்போது இதையும் மறக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடிவந்த சகோதரி கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். கணவர் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, அங்கிருந்த ஏராளமான தமிழ்க் குடும்பங்களைப் போல அவர்கள் வீட்டிலும் வருமானம் ஒரே நாளில் நின்றது. அதன்பிறகு மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் காவலாளி வேலை பார்த்துவிட்டு, இரவு ரயிலில் திரும்புவதாகவே அவர் வாழ்க்கை கழிந்தது. 2015இல் இறந்துபோனார். மகளின் நர்சிங் படிப்புக்காகச் சகோதரி இங்கே வந்தார்; ஒரு விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. ஊரில் வீட்டுப் பங்கை விற்ற பணம், ஆயுள் காப்பீட்டுத் தொகை, விற்ற நகை எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் ரூபாய். வேறு எதுவும் அவரிடம் இல்லை.

கையெழுத்து

2017 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மூப்பர் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். புரோக்கர் முத்திரைத்தாளில் ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பதினொரு மாதத்துக்கான ஒப்பந்தம் அது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் நகரமெங்கும் பதினொரு மாதத்துக்கே எழுதுகிறார்கள். பேசியது மூன்று வருடம். தாளில் இருந்தது மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 1,00,000 ரூபாய். வாடகையே கிடையாது என்பதும், அட்வான்ஸ் ஏழு லட்சம் என்பதும் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மூப்பர் சொன்ன காரணம் வரி. அப்போதிருந்த வருமானவரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனையும் வைப்புத்தொகையையும் ரொக்கமாக வாங்குவதைத் தடுத்தது. வங்கி வழியாக வாங்கினால் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஒரு லட்சம் காசோலை, ஆறு லட்சம் ரொக்கம். சகோதரி துணிப்பையை மேசைமேல் வைத்தார். "எண்ணிப் பாருங்கள் ஐயா" என்றார். "நம் சபை ஆட்களுக்குள் எண்ணுவதா? கர்த்தர் சாட்சி. மூன்று வருடம் முடிகிற அன்று ஏழு லட்சமும் உங்கள் கையில் இருக்கும்" என்றார் மூப்பர். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

சகோதரி தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, இதில் ஒரு லட்சம்தானே எழுதியிருக்கிறது?"

"நான் இருக்கிறேன் தங்கச்சி. பயப்படாதே" என்றேன். அப்போது நான் சபைக் கமிட்டியின் செயலாளர். என்னை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். நானும் இன்னொரு சபையாரும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டோம். பிறகு எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தோம். பொய்யான தாள் மேசைமேல் இருக்க, அதைச் சுற்றி நின்று ஆசீர்வாதம் கேட்டோம். அன்று எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை என்பதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

சங்கிலி அறுந்தது

2020 ஜூனில் மூன்று வருடம் முடிந்தது. மார்ச் கடைசியில் அறிவித்த ஊரடங்கில் பாதிப் பேர் சொந்த ஊர் போய்விட்டார்கள். தெருவுக்குத் தெரு வீடு காலி என்ற பலகை தொங்கியது. புதிதாக லீஸுக்கு யாரும் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்கள், அதுவரை அங்கேயே இருங்கள்" என்றார் மூப்பர். பணம் திரும்பும்வரை வாடகையில்லாமல் இருப்பதுதான் இங்கே வழக்கம். சகோதரியும் பொறுத்தார். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், மூப்பர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக முடிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகஸ்டில் சகோதரியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. அவர் மூப்பரின் மகனிடம் போய்ப் பணம் கேட்டார். மகன் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர், முப்பது வயது. அப்பாவின் அலமாரியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துவந்து காட்டினார். "ஒரு லட்சம் என்று இருக்கிறது ஆன்ட்டி. நாளைக்கே தருகிறேன். ஆனால் வாடகை என்று 9,000 இருக்கிறதே, ஒரு மாதமும் வந்ததாகத் தெரியவில்லையே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் தன் அப்பா கையெழுத்திட்ட தாளை நம்பினார்.

திருமணத்தை நிறுத்த முடியாமல் சகோதரி மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினார்.

"அன்று பொய்யா, இன்று பொய்யா?"

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறபடி முதலில் தனியே போய்ப் பேசுவது என்று முடிவு செய்து, செப்டம்பரில் மகனைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒப்பந்தத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"அங்கிள், இது உங்கள் கையெழுத்துதானே? ஒரு லட்சம் என்று எழுதியதற்குக் கீழே சாட்சியாகப் போட்டிருக்கிறீர்கள். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

நான் வேதத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். கிபியோனியரின் கதையைச் சொன்னேன். யோசுவா 9ஆம் அதிகாரத்தில் பக்கத்து ஊர்க்காரர்களான அவர்கள், தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் போலப் பழைய பைகளையும் பூசணம் பூத்த அப்பத்தையும் காட்டி இஸ்ரவேலரை ஏமாற்றி உடன்படிக்கை வாங்குகிறார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டும், கர்த்தர்பேரில் ஆணையிட்டாகிவிட்டது என்று பிரபுக்கள் அதை மீறவில்லை. தலைமுறைகள் கழித்து இஸ்ரவேலின் ராஜாவான சவுல் அந்த ஆணையை மீறி அவர்களைக் கொன்றான். அதற்காகத் தாவீதின் நாட்களில் மூன்று வருடம் பஞ்சம் வந்தது. தகப்பன்மார் கொடுத்த வார்த்தை பிள்ளைகளையும் கட்டும் என்றேன்.

"கிபியோனியரோடு உடன்படிக்கை இருந்தது ஊருக்கே தெரியும் அங்கிள். யாரும் அதைக் குறைத்து எழுதி ஒளித்துவைக்கவில்லை. எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அதுவும் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்ட உங்கள் வாயிலிருந்து."

என்னிடம் பதில் இல்லை. அந்த வசனத்தை அவர்மேல் எறிய எனக்கு உரிமையும் இல்லை. வாசல்வரை வந்து மரியாதையோடு வழியனுப்பினார். அது இன்னும் வலித்தது.

சட்டப்படி என்ன வழி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வாசகத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியத்தைப் பொதுவாக ஏற்பதில்லை என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. மோசடி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். சகோதரியிடம் இருந்த ஆதாரம் 2017 மே மாதம் மூன்று லட்சத்து இருபதாயிரம் எடுத்ததைக் காட்டும் வங்கிப் புத்தகம் மட்டுமே. மீதியெல்லாம் நகைக் கடையிலும் ஊரிலும் கைமாறிய பணம்.

கமிட்டியில் நடந்தது

அக்டோபரில் விஷயம் கமிட்டிக்கு வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நம் சபைகள் பலவற்றில் இப்படித்தான் நடக்கிறது.

முதலில் பேசியவர்கள் எல்லாரும் சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். சகோதரனுக்கு எதிராக நீதிமன்றம் போகக்கூடாது, நஷ்டத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று பவுல் சொல்கிறாரே என்றார்கள். இறந்தவருடைய பேர் கெட்டுவிடும், புறமதத்தார் முன்பாகச் சாட்சி கெட்டுவிடும் என்றார்கள். பவுல் அதே பகுதியில் உங்களுக்குள் வழக்குத் தீர்க்க விவேகி ஒருவன்கூட இல்லையா என்று வெட்கப்படுத்துவதையும், சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறீர்கள் என்று கண்டிப்பதையும் யாரும் வாசிக்கவில்லை. நஷ்டத்தைச் சகிக்கச் சொல்லும் வசனத்தை நஷ்டப்பட்டவளிடம் மட்டும் நீட்டுவது கொடுமை. சங்கீதம் 15ஐ யாராவது வாசித்திருக்கலாம். கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுவிட்டு அந்தச் சங்கீதம் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்பது. அங்கே நஷ்டத்தைத் தாங்க வேண்டியவன் வார்த்தை கொடுத்தவன். வாங்கினவள் அல்ல.

இரண்டாவது சாட்சி, பணம் கொடுத்ததைத் தான் பார்க்கவில்லை என்றார். அவர் டீ வாங்கப் போயிருந்தது உண்மை. திரும்பி வந்தபோது பை மேசைமேல் இருந்ததும் உண்மை.

அந்தக் கூட்டத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் முதலில் என் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு லட்சம் என்பது உண்மை என்றால், என் கையெழுத்து பொய். இரண்டையும் காப்பாற்ற வழியே இல்லை. மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெயரை இழப்பது எனக்குச் சிறிய காரியமாக இருக்கவில்லை.

நவம்பர் கூட்டத்தில் எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். 2017இல் நான் சாட்சியாகக் கையெழுத்திட்ட தாளில் உள்ள தொகை பொய். பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன். ஆறு லட்சம் ரொக்கம் கைமாறியதை என் கண்ணால் பார்த்தேன். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன், அதனால் எனக்கு வருகிறதை ஏற்றுக்கொள்வேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். ஒரு நகலை மகனுக்கும் ஒரு நகலைச் சகோதரிக்கும் கொடுத்தேன். காரியம் தீரும்வரை திருவிருந்தில் பங்கெடுக்காமல் இருக்கப் போதகரிடம் அனுமதி கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நான்கு நாள் கழித்து மூப்பரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் போனபிறகு அவர் எங்கேயும் தனியே போனதில்லை. உட்காராமலே பேசினார். "மேல்மாடிக் கான்கிரீட் போட்ட கணக்கெல்லாம் நான்தான் எழுதினேன். அந்த ஏழு லட்சத்தில்தான் போட்டோம். பார்த்த நீங்களே பேசாமல் இருக்கும்போது, நான் பேசி அவருடைய பெயரைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். நேற்று ராத்திரி மகனிடம் சொல்லிவிட்டேன்."

என்னுடைய மௌனம் இன்னொருத்தியின் வாயையும் கட்டிவைத்திருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கே தவறினோம்

மூப்பர் வாக்குத் தவறினார் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் இருந்திருந்தால் எப்பாடு பட்டாவது கொடுத்திருப்பார். தவறு 2020இல் நடந்ததல்ல. 2017இல், பேனாவைத் திறந்தபோதே நடந்துவிட்டது. தாளுக்கு ஒரு தொகை, நமக்குள் ஒரு தொகை என்று பிரித்த அந்த நேரத்திலேயே, அவர் கொடுத்த வாக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் நிற்கும் வாக்காகச் சுருங்கிவிட்டது.

இப்படிப் பிரிப்பது புதிதல்ல. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டிக்கும் வழக்கம் இதுதான். தேவாலயத்தின்பேரில் சத்தியம் செய்தால் கட்டாது, தேவாலயத்துப் பொன்னின்பேரில் சத்தியம் செய்தால் கட்டும் என்று சொற்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். மலைப்பிரசங்கத்தில் அவர் அந்தத் தரவரிசையையே தூக்கி எறிகிறார். வானத்தின்பேரிலும் வேண்டாம், பூமியின்பேரிலும் வேண்டாம், உன் தலையின்பேரிலும் வேண்டாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்". நாங்களும் சொற்களைத் தரம் பிரித்தோம், ஆனால் எதிர்த்திசையில். அரசாங்கத்துக்குச் சொல்வது கட்டாது, கர்த்தரைச் சாட்சி வைத்துச் சொன்னது கட்டும் என்று நினைத்தோம். கர்த்தர் அந்த முத்திரைத்தாளையும் வாசிப்பார் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அனனியா நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்து, மீதியையே முழுத் தொகைபோல அப்போஸ்தலரிடம் கொண்டுவந்தான். முழுத் தொகையையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இருக்கவில்லை. விற்ற பிறகும் பணம் அவன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். குற்றம் தொகையைப் பற்றிய பொய். பேதுரு அவன் மனைவி சப்பீராளிடம் நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று கேட்கிறார். அவள், ஆம், இவ்வளவுக்குத்தான் என்கிறாள். ஒரு சபைக்குள், விசுவாசிகளுக்குள், ஒரு நிலத்தின் பணத்தைப் பற்றி, ஒரு எண்ணை மாற்றிச் சொன்னது. இதைவிட நெருக்கமாக எங்கள் கதை எங்கே எழுதப்பட்டிருக்கும்? புரோக்கர் எங்கள் முன் தாளை வைத்தபோது அது இவ்வளவுதானா என்றே எங்களைக் கேட்டது. இவ்வளவுதான் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

தீர்த்த விதம்

வாடகையில்லாமல் கூடுதலாக இருந்த பதினேழு மாதத்துக்கு 9,000 வீதம் கழிக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். கணக்குப்படி 1,53,000 ரூபாய். பணத்தை வைத்துக்கொண்டு வாடகையும் கேட்பது இந்த ஊர் வழக்கத்துக்கே விரோதம் என்று நான் வாதாடினேன். மகனே அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். மின்கட்டணப் பாக்கி, வண்ணம் பூசும் செலவு என்று 40,000 கழிக்கச் சகோதரி தானாகவே ஒப்புக்கொண்டார். ஆக 6,60,000.

ஒரு லட்சத்தை மகன் டிசம்பரிலேயே கொடுத்தார். 2022 பிப்ரவரியில் வங்கியில் கடன் வாங்கி மூன்றரை லட்சம். அன்று சகோதரி வீட்டைக் காலி செய்தார். மீதியில் ஒன்றரை லட்சத்தை மாதம் 5,000 வீதம் முப்பது மாதம் வங்கி வழியாக அனுப்புவதாக எழுதிக்கொடுத்து, 2024 ஆகஸ்டு வரை ஒரு மாதமும் தவறாமல் அனுப்பினார். தான் கொடுக்காத வாக்குக்காக, தான் கட்டாத மாடிக்காக. திருமணக் கடனின் மூன்று வட்டியைச் சகோதரியே சுமந்தார். அதை யாரும் ஈடு செய்யவில்லை. நான் இரண்டு முறை கேட்டும் கமிட்டி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சிய 60,000 என் பங்கு. யாரும் என்னிடம் கேட்கவில்லை. "நான் இருக்கிறேன்" என்று சொன்னவன் நான். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் பிறனுக்காகப் பிணைப்பட்டவனை, உன் வாயின் மொழிகளால் சிக்குண்டாய், போய் உன்னைத் தாழ்த்தி உன்னைத் தப்புவித்துக்கொள் என்கிறது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஆறு தவணையாகப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்தேன். வங்கியில் அனுப்பியிருக்கலாம். நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

சகோதரி இப்போது ஹொசக்கோட்டை பக்கம் மகளோடு இருக்கிறார். எங்கள் சபைக்கு வருவதில்லை. அங்கே வேறொரு சபைக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் காபி கொடுத்து, பழையபடி அண்ணா என்றே பேசுவார். கடைசித் தவணையைக் கொடுத்த அன்றும் அப்படித்தான். உறையைப் பிரித்து, என் எதிரிலேயே நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதியும் தொகையும் எழுதினார். பிறகு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் அண்ணா" என்றார்.

எழுதியிருந்த தொகையை வாசித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.